உங்க கால் எங்கே இருந்துச்சு?

காரைக்கால்
9 நவம்பர் 2024

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த அகால நேரத்துல எழுதுறதுக்கு மன்னிச்சுக்கோங்க. அஃப்ரித் இப்பதான் கண்ணை மூடினான். பல் முளைக்கிற காய்ச்சல். தோள்லயே கிடந்தான், கீழே விட்டா வீடே எழுந்துக்குற மாதிரி அழுகை.

வாட்ஸ்அப்ல உங்களை பிளாக் பண்ணினது கோபத்துலதான். எடுத்துடலாம். எடுத்தா நீங்க கூப்பிடுவீங்க, நான் கத்துவேன், கூடத்துல படுத்திருக்குற உம்மா எழுந்து உட்கார்ந்துடுவாங்க. எழுத்துல கத்தினா யாருக்கும் கேட்காது. அதான் மெயில்.

செவ்வாய்க்கிழமை நீங்க சொல்லிக்குடுக்குற பயிற்சி விமானம் கவிழ்ந்திருக்கு. வியாழக்கிழமை வரைக்கும் எனக்குத் தெரியாது. "லேசா கையில அடி, ரெண்டு நாள் ரெஸ்ட்"னு உங்க மெசேஜ். கிரிக்கெட் ஆடி விழுந்தீங்கன்னு நினைச்சேன். அப்புறம் அண்ணன் முறையாகுற ரஃபீக் காக்கா துபாய்லேருந்து வீடியோ அனுப்பினார், "மாப்பிள்ளை எப்படியிருக்கார்?"னு கேட்டு. எனக்கு முன்னாடி நம்ம தெரு முழுக்கப் பார்த்தாச்சு. மீன் வெட்டித் தர்றவர்கூட விசாரிச்சார்.

விமானம் முதுகு தரையில பட, சக்கரம் ரெண்டும் வானத்தைப் பார்த்துக்கிட்டு, செத்த வண்டு மாதிரி கிடக்குது. புழுதி. அதுக்குள்ளேருந்து நீங்க தவழ்ந்து வர்றீங்க, வலது கை தொங்குது. அல்ஹம்துலில்லாஹ், உயிரோட வர்றீங்க. அதோட வீடியோ முடிஞ்சிருந்தா நான் ரெண்டு ரக்அத் தொழுதுட்டு நிம்மதியா இருந்திருப்பேன். முடியலையே. திரும்ப உள்ளே போறீங்க. ஒத்தைக் கையால ஒரு பொண்ணை வெளியே இழுக்குறீங்க. அவ உங்க கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுறா. நீங்க தலையைத் தடவிக் குடுக்குறீங்க.

நபீசாதானே அது? அதிராம்பட்டினத்துப் பொண்ணு, புதுசா சேர்ந்திருக்கா, தமிழ்ல சொல்லிக்குடுக்க சுலபமா இருக்குன்னீங்களே, அந்த நபீசா?

அன்னைக்குப் பயணம் சொல்றப்பவே எனக்கு மனசு சரியில்லை. நம்ம வீட்டுல யாரும் போய்ட்டு வர்றேன்னு பயணம் சொல்லாம வாசப்படி இறங்குறதில்லை. கப்பல்ல போன காலத்துலேருந்து அப்படித்தான். உங்களுக்கு தினமும் ஆகாசத்துல சபர்தான், பயணம்தான், அதனால ஒவ்வொரு தடவை விமானத்துல ஏறுறப்பவும் வீடியோவுல எனக்குப் பயணம் சொல்லணும்னு நிக்காஹ் ஆன வாரமே உங்ககிட்ட வாக்கு வாங்கினேன். அன்னைக்கு என்ன பண்ணினீங்க? பாதியில பட்டுன்னு கட் பண்ணினீங்க. பக்கத்துல ஒரு சிரிப்புச் சத்தம் வேற.

நான் பிசிக்ஸ் படிச்சவ. அந்தச் சின்ன விமானத்துல ரெண்டு பேருக்கும் மிதிக்கிற பெடல் இருக்குன்னு நீங்கதான் படம் போட்டுக் காட்டினீங்க. மாணவி தப்பு பண்ணினா வாத்தியார் மிதிச்சு சரி பண்ணலாம். அப்ப ஒரே ஒரு கேள்வி. வீடியோவுல விமானம் இடது பக்கம் ஓடுதே, அப்ப உங்க கால் எங்கே இருந்துச்சு?

அஸ்ஃபியா

*

10 நவம்பர்

அஸ்ஃபி,

வ அலைக்கும் ஸலாம். வலது கை மாவுக்கட்டுல இருக்கு, தோள்பட்டை எலும்பும் விரிசல். இடது கையால ஒவ்வொரு எழுத்தா குத்துறேன். சின்னதா எழுதினா கோபம்னு எடுத்துக்காதே.

சொல்லாதது தப்புதான். புள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னே, அதுக்கு மேல இதையும் ஏன்னு விட்டுட்டேன்.

நடந்தது இதுதான். இன்ஜின் முழு வேகம் எடுக்குறப்ப மூக்கு இடது பக்கம் இழுக்கும். வலது காலை மிதிச்சு நேரா வைக்கணும். அவ மிதிக்க லேட். அதுக்குள்ள வேகம் வர்றதுக்கு முன்னாடியே மூக்கு மேலே தூக்கிடுச்சு. தரையை விட்டுச்சு, ஆனா பறக்குற அளவுக்கு வேகம் இல்லை. இடது இறக்கை சாஞ்சு தரையில பட்டுச்சு. அவ்வளவுதான். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள.

என் கால் இருக்க வேண்டிய இடத்துல இருந்துச்சு.

தலையைத் தடவினேனான்னு ஞாபகம் இல்லை. அந்த நேரத்துல கழுதை வந்திருந்தாலும் தடவியிருப்பேன்.

அஃப்ரித் போட்டோ அனுப்பு. பிளாக்கை எடு புள்ள.

இஃபாத்

*

காரைக்கால்
12 நவம்பர்

மச்சான்,

கழுதையைத் தடவியிருப்பீங்களா? கழுதை உங்களுக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு வருமா? நீங்க சொல்லலை. ரஃபீக் காக்கா பார்க்க வந்தாரே, அவர் சொன்னார். "அந்தப் புள்ள நல்ல புள்ளம்மா, நெத்தியில தையல் போட்டுக்கிட்டு மாப்பிள்ளைக்குக் கஞ்சி எடுத்துட்டு வந்து நிக்கிது"ன்னு. நல்ல புள்ளயாம். நான் இங்கே உங்களுக்காக நோன்பு வச்சுக்கிட்டு இருக்கேன், அங்கே ஒருத்தி தேங்காய்ப்பால் ஊத்திக் கஞ்சி காய்ச்சுறா.

காலையில உம்மா கேட்டாங்க.

"மாப்பிள்ளைகிட்ட பேசினியா?"

"மெயில் போட்டிருக்கேன் உம்மா."

"மெயிலா? புருஷனுக்கா, கலெக்டருக்கா?"

"அவருக்குக் கை சரியில்லை, பேச முடியாது."

"கைதானே சரியில்லை? வாய்க்கு என்ன?"

நான் புள்ளையைத் தூக்கிக்கிட்டு பீச் பக்கம் போயிட்டேன். ஆத்துப் பாலத்துல நின்னு படகு போறதைக் காட்டினேன். அவன் படகைப் பார்க்கலை, மேலே காக்காயைப் பார்த்தான். வாப்பா புத்தி.

மூணு ராத்திரியா சின்ன விமான விபத்து அறிக்கையா தேடிப் படிக்கிறேன். யாரோ அமெரிக்காவுல, யாரோ ஆஸ்திரேலியாவுல. தனியார் விமானம், ரெண்டு சீட்டு, நாலு சீட்டு. நடுவானத்துல இடி விழுந்து போறதுதான் விபத்துன்னு நினைச்சிருந்தேன். நான் படிச்சதுல பாதி தரையை விட்டுக் கிளம்புறப்பவே நடந்திருக்கு. ஓடும்போது ஒரு பக்கம் இழுக்குது, பயந்து மூக்கைத் தூக்குறாங்க, வேகம் பத்தலை, ஒரு இறக்கை சாயுது. வானம் நல்லா இருக்கு, காத்து இல்லை, இன்ஜின் சரியா இருக்கு. மனுஷன்தான் கையை விட்டுடுறான். படிச்சு முடிச்சதும் உங்க வீடியோவைப் போட்டுப் பார்ப்பேன். புழுதிக்கு முன்னாடி வர்ற பகுதியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். மூக்கு மெதுவா தூக்கலை. யாரோ வெடுக்குன்னு இழுத்த மாதிரி தூக்குது.

பக்கத்துல வாத்தியார் இருந்த எல்லா அறிக்கையிலும் ஒரு வரி இருக்கு, பயிற்றுநர் உடனே காலால் சரிசெய்ய முயன்றார்னு. உங்க கதையில மட்டும் அந்த வரி இல்லை.

எனக்கு ரெண்டு விதமா தோணுது. ஒண்ணு, நீங்க அவளைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. ரெண்டாவது, அவ தப்பை நீங்க மூடி மறைக்கிறீங்க. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்.

அவ என்னை மாதிரி ஊர்க்காரிதானே? கல்யாணத்துக்கு எனக்குக் கட்டித் தந்ததை விடப் பெரிய வீடாவே அவளுக்கும் கட்டியிருப்பாங்க. வீடு பொண்ணுக்கு, ஆகாசம் ஆம்பளைக்குன்னுதானே நமக்குச் சொல்லி வளர்த்தாங்க. அவளை மட்டும் யாரு வெளியே விட்டா? மேல படிக்க நான் எழுதி வச்சிருந்த விண்ணப்பம் எதுவும் இந்த வீட்டு வாசலைத் தாண்டலை. அவ உங்க பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கா. எனக்கு எது அதிகமா எரியுதுன்னு எனக்கே பிரிச்சுப் பார்க்கத் தெரியலை.

திரும்பக் கேட்கிறேன். கால்?

அஸ்ஃபியா

*

14 நவம்பர்

அஸ்ஃபி,

படிச்சேன். ரெண்டு தடவை.

நான் அவளைப் பார்த்துக்கிட்டு இல்லை. அவ தப்பை மறைக்கவும் இல்லை. மறைச்சிருந்தா இன்னைக்கு நடந்தது நடந்திருக்காது. விசாரணைக்காரங்க வந்தாங்க. நபீசாவைத் தனியா கேட்டாங்க, என்னைத் தனியா. முடிவு என்னன்னா, மாணவி வலது கால் மிதிக்கலை, யோக்கை அவசரமா தன் பக்கம் இழுத்துட்டா. யோக்னா விமானத்தோட கைப்பிடி, ஸ்டியரிங் மாதிரி. இழுத்தா மூக்கு தூக்கும்.

எங்க பயிற்சி கிளப்ல அவளை இனி வச்சுக்க மாட்டாங்க. பயிற்சிக் கோப்புல இதை எழுதிட்டா வேற எங்கேயும் சேர்க்குறது கஷ்டம். அடுத்த வாரம் இறுதி அறிக்கையில கையெழுத்துப் போடணும், நானும்தான்.

இப்ப உனக்கு சந்தோஷமா?

இஃபாத்

*

காரைக்கால்
15 நவம்பர்

மச்சான்,

ஆமா, சந்தோஷம். பொய் சொல்ல வரலை. உங்க மெயிலைப் படிச்சிட்டு நேரா அடுப்படிக்குப் போய் முட்டை ரொட்டி சுட்டேன். "என்னடி, முகம் தெளிஞ்சிருக்கு?"ன்னாங்க உம்மா. "புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சு"ன்னேன். அதுவும் நிஜம்தான்.

பிளாக்கையும் எடுக்கத்தான் போனேன். போனைக் கையில எடுத்தா இன்ஸ்டாகிராம்ல ஒரு மெசேஜ். அவகிட்டேருந்து. என்னை எப்படிக் கண்டுபிடிச்சாளோ. அப்படியே எழுதுறேன்:

"லாத்தா, நான் நபீசா. சாரோட மாணவி. கால் மிதிக்க லேட் பண்ணினது நான்தான், ஒத்துக்குறேன். ஆனா நான் யோக்கை இழுக்கலை. அது என் கையிலேருந்து தானா பின்னாடி வந்துச்சு, வந்து என் நெஞ்சுல இடிச்சுது. யாரும் நம்பலை. சார் ஒண்ணுமே பேச மாட்டேங்குறார். நீங்க சொன்னா கேட்பார். என் வாப்பா கடையை வித்து என்னைப் படிக்க அனுப்பினார் லாத்தா."

லாத்தாவாம். அக்கா தங்கச்சி உறவு கொண்டாட வந்துட்டா. நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "மிதிக்கத் தெரியாதவ ஏறியிருக்கக் கூடாது"ன்னு போட்டேன். போட்டுட்டுப் போனைக் கவுத்து வச்சேன்.

கவுத்து வச்ச பிறகுதான் யோசிச்சேன். தானா எப்படிப் பின்னாடி வரும்? அந்த விமானத்துல ரெண்டு யோக்கும் உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சது, ஒருத்தர் இழுத்தா இன்னொருத்தர் பக்கமும் வரும்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. அவ இழுக்கலைன்னா அந்த விமானத்துல இன்னும் ரெண்டு கைதான் மிச்சம்.

அவ பொய் சொல்றான்னு நீங்க ஒரு வார்த்தை எழுதுங்க. நான் நம்பிட்டுத் தூங்கிடுவேன். இல்லைன்னா என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. இந்தத் தடவை அவளுக்காகக் கேட்கலை, எனக்காகவும் கேட்கலை. உங்களுக்காகக் கேட்கிறேன். உங்க கால் எங்கே இருந்துச்சு?

அஸ்ஃபியா

*

18 நவம்பர்

அஸ்ஃபி,

அவ பொய் சொல்லலை.

கால் எட்டலை. வேகம் எடுத்தப்ப என் சீட்டு, அது நகர்ற தண்டவாளத்துல பின்னாடி சறுக்கிடுச்சு. பெடல் தூரமா போச்சு. கை யோக் மேல இருந்துச்சு. விழப்போறவன் கையில கிடைச்சதைப் பிடிச்சு இழுக்குற மாதிரி இழுத்துட்டேன்.

மோதினதுல சீட்டு ரெண்டும் பேர்ந்து வந்துடுச்சு. அதனால யாருக்கும் தெரியாது.

இதுக்கு மேல கேட்காதே. ஏன் சறுக்கிச்சுன்னு மட்டும் கேட்காதே.

இஃபாத்

*

காரைக்கால்
19 நவம்பர், இன்னும் விடியலை

மச்சான்,

கேட்க வேண்டாம்னு எழுதினீங்க. கேட்கலை. எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நான் சொல்றேன், சரியான்னு மட்டும் பாருங்க.

அன்னைக்கு நீங்க பயணம் சொல்லக் கூப்பிட்டீங்க. இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, உங்க குரல் சரியா கேட்கலை. "அஸ்ஃபி, பயணம் போய்ட்டு வர்றேன்"னீங்க. அதோட நான் விட்டிருக்கணும். "பக்கத்துல யாரு?"ன்னேன். "ஸ்டூடன்ட்"னீங்க. "காட்டுங்க"ன்னேன். நீங்க போனைத் திருப்பினீங்க, ஒரு தோளும் ஹெட்போனும்தான் தெரிஞ்சுது. "மூஞ்சி தெரியலை, கொஞ்சம் பின்னாடி போங்க மச்சான், முழுசா தெரியட்டும்"னேன். நீங்க பின்னாடி போனீங்க. அப்ப முழுசா தெரிஞ்சுது. அவ கையை ஆட்டி, "அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா"ன்னு சிரிச்சா. நான் ஸலாம் சொல்லலை. யாரோ ரேடியோவுல ஏதோ சொன்னாங்க, நீங்க பட்டுன்னு கட் பண்ணினீங்க.

நீங்க உடம்பைத்தான் சாய்ச்சீங்கன்னு நினைச்சேன். சீட்டைத் தள்ளியிருக்கீங்க.

சீட்டைத் தள்ளினா பூட்டு குழியில விழுந்துச்சான்னு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கணும், அதுதான் முதல் பாடம்னு பெருமையா சொல்வீங்களே. அன்னைக்கு ஆட்டிப் பார்க்க உங்களுக்கு நேரம் இல்லை. என்னாலதானே?

இவ்வளவு நாள் நான் பிடிச்சுக்கிட்டுத் தொங்கின சிரிப்புச் சத்தம், அவ எனக்கு ஸலாம் சொன்ன சத்தம்.

சரியான்னு மட்டும் சொல்லுங்க. கெஞ்சிக் கேட்கிறேன்.

அஸ்ஃபியா

*

20 நவம்பர்

அஸ்ஃபி,

சரி. ஆனா உன்னால இல்லை. நீ ஆயிரம் கேட்கலாம். ஓடுற இன்ஜினுக்குப் பின்னாடி உட்கார்ந்துக்கிட்டுப் போனை எடுத்தவன் நான். கண்ட்ரோல் டவர்ல கிளம்பச் சொன்னதும் சீட்டை முன்னாடி இழுத்தேன். பூட்டு விழுற சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. ஆட்டிப் பார்க்கலை. அது என் வேலை, உன் வேலை இல்லை.

உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீ புள்ளைக்குத் தும்மல் வந்தாலே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பே. இதை எப்படித் தாங்குவே?

முழுசா சொல்லணும்னா அது மட்டும் இல்லை. போன் விஷயம் வெளியே வந்தா என் லைசென்ஸ் போயிடும். இனி எவனும் வாத்தியார் வேலைக்கு எடுக்க மாட்டான். அப்புறம் நான் எங்கே வர்றது? உன் வீட்டுக்கு. சபர்ல, வெளிநாட்டுல சம்பாதிக்கிறவரைக்கும்தான் அந்த வீட்டுல நான் மாப்பிள்ளை. லீவுல வந்தா உங்க உம்மா எனக்கு விரால் மீனும் நெய்ச்சோறும் ஆக்கிப் போடுவாங்க. லீவு முடியாம உட்கார்ந்துட்டா? "மாப்பிள்ளை எப்பக் கிளம்புறீங்க?"ன்னு தெருவே கேட்கும். உங்க பெரியம்மா வீட்டு மாப்பிள்ளை வேலை போய் வந்து மூணு வருஷமா கூடத்து ஓரத்துல பேப்பர் படிக்கிறாரே, அவருக்கு யாராச்சும் சத்தமா டீ வேணுமான்னு கேட்டிருக்காங்களா?

வெள்ளிக்கிழமை கையெழுத்து. நபீசாவுக்கு இருபத்தொரு வயசுதான். சின்னப் பொண்ணு, வேற வழி கிடைக்கும். உனக்கும் அவளைப் பிடிக்காது. விட்டுடு.

இஃபாத்

*

காரைக்கால்
20 நவம்பர்

மச்சான்,

இந்தத் தடவையும் நேரம் கெட்ட நேரம்தான். புள்ள தூங்குறான், ஒரு கையில தொட்டில் கயிறு. நானும் உங்களை மாதிரி ஒத்தைக் கையாலதான் தட்டுறேன்.

எனக்கு அவளைப் பிடிக்காது. அதை வச்சு என்னையும் கூட்டு சேர்க்கப் பார்க்குறீங்க. ஒரு நிமிஷம் நானும் சேர்ந்துட்டேன், மறைக்க மாட்டேன். அவ அதிராம்பட்டினத்துக்குத் திரும்பிப் போய், அவங்க கட்டின வீட்டுல, என்னை மாதிரி ஜன்னல்கிட்ட நிக்கிறதை நினைச்சுப் பார்த்தேன். இனிப்பாத்தான் இருந்துச்சு. உடனே அந்த ஜன்னல்ல நிக்கிறது நானாத் தெரிஞ்சுது. எனக்கு யாரோ செஞ்சதை நான் அவளுக்குச் செய்யப் போறேன். அதுவும் அவ செய்யாத தப்புக்கு.

அதனால ஒரு காரியம் பண்ணிட்டேன். உங்களைக் கேட்காம பண்ணிட்டேன். கேட்டிருந்தா தடுத்திருப்பீங்க. நபீசாவுக்கு ஒரு வரி அனுப்பினேன்: "நீ இழுக்கலை. எனக்குத் தெரியும்." அவ்வளவுதான். "எப்படி லாத்தா?"ன்னு உடனே கேட்டா. பதில் சொல்லலை. அதை நீங்கதான் சொல்லணும், அவகிட்ட இல்லை, விசாரணைக்காரங்ககிட்ட. போன்ல யாருன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க. பின்னாடி போகச் சொன்னது யாருன்னு கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க. தெருவுக்கே தெரியட்டும். சந்தேகப்பட்டு விமானத்தைக் கவுத்த பொம்பளைன்னு பேசுவாங்க. பேசட்டும், மீன் வெட்டுறவரும் பேசட்டும்.

வீட்டைப் பத்தி எழுதினீங்க. சாயங்காலம் உம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், ஒண்ணும் மிச்சம் வைக்கலை.

அப்புறம், "மாப்பிள்ளைக்கு எந்தக் கையில கட்டு?"ன்னாங்க.

"வலது கை."

"அப்ப சோத்தைப் பிசைஞ்சு யாரு ஊட்டுறா அங்கே?"

எனக்கு வாயில வந்துச்சு, நபீசான்னு. அடக்கிக்கிட்டேன்.

"வரச் சொல்லு"ன்னாங்க. "எப்பக் கிளம்புறீங்கன்னு எவளாவது கேட்கட்டும், நான் பேசிக்கிறேன்."

உம்மா பேச்சு உம்மாவோட. நான் ஒண்ணு சொல்றேன். இந்த வீடு என் பேர்ல இருக்கு. இதுல யாரு உட்காரலாம், யாருக்குச் சத்தமா டீ கேட்கணும்னு நான் சொல்றதுதான். அதுக்காவது இந்த வீடு எனக்கு உதவட்டும். நீங்க பறக்காம வந்தா என்னால பார்த்துக்க முடியும். அந்தக் கையெழுத்தைப் போட்டுட்டு வந்தீங்கன்னா, நெய்ச்சோறு ஆக்கிப் போடுவேன், ஆனா பக்கத்துல உட்கார முடியாது. என் புள்ளைக்கு வாப்பான்னு சொல்லிக் குடுக்குறப்ப நாக்கு தடுமாறும்.

நபீசா பறக்கட்டும். நல்லா பறக்கட்டும். வேற வாத்தியாரோட.

பொறாமை போயிடுச்சான்னு நினைக்காதீங்க, அது அப்படியேதான் இருக்கு. அவ தையல் போட்ட நெத்தியோட இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிக்கிறா. அவளை இறக்கி விட்டுட்டு ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

உங்களை பிளாக்லேருந்து எடுத்துட்டேன். ஆனா கூப்பிடாதீங்க, உங்க குரலைக் கேட்டா நான் இளகிடுவேன், "சரி, விடுங்க"ன்னு சொன்னாலும் சொல்லிடுவேன். வெள்ளிக்கிழமைக்கு நடுவுல ஒரே ஒரு நாள்தான் இருக்கு. சொல்லப் போறீங்களா இல்லையான்னு எழுத்துல எழுதுங்க. தயவுசெஞ்சு சீக்கிரம் பதில் போடுங்க.

அஸ்ஃபியா